செத்த மண்ணில் ஓலீன் நட்ட மரங்கள்

ஆம்பிரோஸ் டகெட்டின் பீச் தோட்டம் மூன்று முறை செத்தது. முதல் முறை செத்தபோது அவர் மகள் ஓலீனுக்கு நடக்கவே தெரியாது. இரண்டாம் முறை அவள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை, பட்ட மரங்களைச் சங்கிலி போட்டு இழுத்தபோது டிராக்டரை ஓட்டியதே அவள்தான். ஒவ்வொரு மரம் விழும்போதும் அப்பா திரும்பி வேறு பக்கம் பார்த்ததை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

சாவு எப்போதும் ஒரே மாதிரிதான் வந்தது. கன்று நட்டு, கவாத்துச் செய்து, முதல் நல்ல காய்ப்பு வந்து, இந்தத் தடவை தப்பித்துவிட்டோம் என்று வீட்டில் மெல்லப் பேச ஆரம்பிக்கிற நேரம் பார்த்து ஒரு மரத்தில் இலை சுருளும். ஜூலை வெயிலில், கிளை நிறையக் காயோடு, மரம் நின்ற நிலையில் காய்ந்துபோகும். அடுத்த வருடம் அதன் பக்கத்து மரம். அதற்கடுத்த வருடம் சுற்றியிருக்கும் எல்லாம். அடிமரத்துப் பட்டையைக் கத்தியால் உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று விசிறி விரித்த மாதிரி பூசணம் படர்ந்திருக்கும். காளான் வாசம் அடிக்கும்.

அந்தச் சரிவு முன்பு ஓக் காடாக இருந்தது. ஓக்கை வெட்டிவிடலாம், அதன் வேரை முழுக்கத் தோண்டி எடுக்க யாராலும் முடியாது. பூசணம் அந்தப் பழைய வேர்த்துண்டுகளில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடக்கும். பீச் வேர் போய் அதைத் தொட்டால் போதும், எழுந்துகொள்ளும். மருந்தென்று ஒன்றும் இல்லை. தென் கரோலினாவின் அந்த மேட்டு நிலத்தில் பீச் வைத்த எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் வேறு நிலம் தேடிப் போனார்கள். ஆம்பிரோஸுக்குப் போக வேறு நிலம் இல்லை. அவர் துண்டு நெய்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். இனி அந்தச் சரிவில் தன் கால் படாது என்று மனைவி பெர்னிஸிடம் சொன்னார். பூட்ஸாவது தேயாமல் இருக்கும் என்றாள் பெர்னிஸ்.

ஓலீன் தோட்டக்கலையில் இரண்டு வருடப் படிப்புப் படித்தாள். பக்கத்து மாவட்டத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பழம் எடை போட ஒரு கோடைக்கு ஆள் எடுத்தார்கள். கோடை முடிந்தது, அவளை யாரும் போகச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. அங்கே பீச் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் வெண்டல் கிராஃப். வடக்கிலிருந்து வந்தவர், ஒல்லி, நெட்டை, எந்த வெயிலுக்கும் ஒரே துணித் தொப்பி. ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்ததற்கு இடையில் ஒரு காப்பி குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம்.

"பீச் மரத்துக்கு மேல ஒரு குறையும் இல்ல, ஓலீன்," என்றார் முதல் வாரத்திலேயே. "கீழதான் தொல்லை. அந்தக் கீழ்ப்பாதிய மாத்திட்டா என்ன?"

"இருபது வருஷம் முன்னாடி இத எங்கப்பாகிட்ட யாராவது சொல்லியிருக்கலாம், டாக்டர்."

"இருபது வருஷம் முன்னாடி நான் பள்ளிக்கூடத்துல கணக்குல பெயிலாகிட்டிருந்தேன்."

அவர் நினைத்தது இதுதான். பீச் மரம் தன் சொந்த வேரில் நிற்பதில்லை. வேருக்கென்று ஒரு செடி வளர்த்து, அதன் தண்டில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டித்தான் கன்று தயாராகிறது. அந்த வேர்ச்செடியும் இதுவரை பீச்சாகவே இருந்தது. காட்டுப் பிளம் மரங்களில் சிலதை அந்தப் பூசணம் ஒன்றும் செய்வதில்லை. பிளம்மையும் பீச்சையும் இணைத்து ஒரு வேர்ச்செடி உண்டாக்கினால், கீழே பிளம்மின் பிடிவாதம் இருக்கும், மேலே பீச் ஒட்டையும் ஏற்கும்.

சொல்வது சுலபம். பிளம் மொட்டு விரிவதற்குச் சற்று முன், பிப்ரவரிக் குளிரில், ஏணியில் உட்கார்ந்து நகத்தால் இதழையும் மகரந்தத் தாளையும் கிள்ளி எடுக்க வேண்டும். கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி இருக்காது, போடாவிட்டால் விரலே இருக்காது. பீச் இன்னும் பூத்திராது. அதனால் பீச் கிளைகளை முன்பே வெட்டி வந்து சூடான அறையில் தண்ணீரில் நிறுத்தி, ஏமாற்றிப் பூக்க வைத்து, அந்த மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தடவ வேண்டும். மரத்துக்கு மேலே வலை போட்டுத் தேனீயை விரட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான பூ உதிர்ந்துவிடும். காய்த்ததில் பெரும்பாலான கொட்டைக்குள் பருப்பு இருக்காது. இருந்த பருப்பிலும் பாதி முளைக்காது.

ஓலீனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. பள்ளிப் பேருந்து ஓட்டும் லெவியைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத் தேதியைக்கூடப் பிளம் பூக்காத மாதமாகப் பார்த்துத்தான் வைத்தாள் என்று லெவி தேவாலயச் சபையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அது பொய்யும் இல்லை.

வருடங்கள் போயின. ஒரு கலப்புச் செடி பூசணத்தை அருமையாகத் தாங்கியது. ஆனால் மேலே வைத்த பீச்சை ஏற்கவில்லை, நாலாம் வருடம் காற்றில் மரம் ஒட்டுக்கட்டிய இடத்தில் முருங்கைக் கொம்பு மாதிரி முறிந்தது. இன்னொன்று எல்லாவற்றையும் தாங்கியது. ஆனால் அடியிலிருந்து பக்கக்கன்றுகளை இடைவிடாமல் அனுப்பி, தோட்டத்தைப் புதராக்கியது. டாக்டர் கிராஃப் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, சரி என்பார். ஓலீன் வண்டியில் உட்கார்ந்து கொஞ்சம் திட்டிவிட்டு வருவாள்.

பிறகு ஒரு கன்று வந்தது. அதற்கு நிலையம் ஒரு எண் கொடுத்தது. ஓலீன் அதைக் கோவேறு கழுதை என்று கூப்பிட்டாள். அப்பன் ஒரு இனம், ஆத்தாள் ஒரு இனம், தனக்கென்று பிள்ளை கிடையாது, பாரம் மட்டும் சுமக்கும். அது பூத்தது, காய்க்கவில்லை. ஆனால் இளங்குச்சியை வெட்டி, பனி போலத் தண்ணீர் தெளிக்கும் பந்தலில் வைத்தால் வேர் பிடித்தது. அந்த வேரின் பட்டை பீச் வேர் மாதிரி ஆரஞ்சாக இல்லாமல் தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது. மேலே வைத்த பீச் மொட்டு ஒட்டிக்கொண்டு கிடுகிடுவென்று வளர்ந்தது. தொட்டியில் பூசணத்தைப் பக்கத்தில் புதைத்துப் பார்த்தார்கள். கோவேறு கண்டுகொள்ளவே இல்லை.

தொட்டியில் பிழைப்பது பெரிய காரியம் இல்லை. நிலையத்தின் நிலமோ சுத்தமான நிலம், அங்கே எதுவும் பிழைக்கும். மரம் நிச்சயமாகச் சாகும் என்று தெரிந்த மண் வேண்டியிருந்தது. அப்படி ஒரு மண் எங்கே இருக்கிறது என்று ஓலீனுக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. பெர்னிஸ் அப்போது இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆம்பிரோஸ் மில்லிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்து, அவர் முன்னால் உப்புப் போட்டு வேகவைத்த கடலையை வைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"அந்தச் சரிவு வேணும்பா."

"எதுக்கு?"

"மரம் வைக்க."

அவர் ஒரு கடலையை உடைத்து, உறிஞ்சி, தோலைத் தட்டில் போட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு அங்க மூணு தடவ வச்சாரு. எப்படி இருந்துச்சுன்னு அவர்கிட்ட கேளேன்."

"அவர்கிட்டதான் கேட்டுட்டிருக்கேன். சாகிற எடம்தான்பா வேணும். அங்க சாகலன்னாதான் நம்பலாம்."

அவர் இன்னும் நாலு கடலையை உடைத்துத் தின்றார். உன் தம்பி ஹோரஸ் அதில் பைன் வைக்கலாம் என்கிறான் என்றார். அது அவளுக்கும் தெரியும். ஹோரஸ் அகஸ்டாவில் இருந்தான். பைன் கம்பெனிக்காரர்கள் அவனோடு இரண்டு முறை பேசிவிட்டார்கள். பைன் போட்டால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

"வச்சுக்க," என்றார் கடைசியில். "ஆனா என்னைக் கூப்பிடாத. செத்தா வந்து சொல்லவும் வேணாம். பொழச்சா மட்டும் சொல்லு."

"பொழச்சதான்னு தெரிய எட்டு வருஷம் ஆகும்பா."

"அப்ப எட்டு வருஷத்துக்கு வேற ஏதாவது பேசுவோம்."

ஹோரஸ் முணுமுணுத்தான். சோதனை முடிகிறவரை பொறுக்கிறேன், கோவேறு வேரில் நிற்கிற ஒரு மரம் செத்தாலும் பைன்தான் என்றான். பழைய பீச் வேரில் ஒட்டிய மரங்களும் கோவேறு வேரில் ஒட்டிய மரங்களும் வரிசை மாறி வரிசையாக நடப்பட்டன. மேலே எல்லாம் ஒரே ரகம். கேட்டை ஒட்டிய கடைசி வரிசையில் மிச்சமிருந்த கோவேறு கன்றுகளைக் காவலுக்கு வைத்தார்கள். காற்றும் சாலைத் தூசியும் சோதனை மரங்கள் மேல் நேராக மோதாமல் இருக்க ஓர வரிசை ஒன்று வேண்டும். அதை யாரும் அளப்பதில்லை, உயிரோடு இருக்கிறதா என்பதோடு சரி.

இரண்டாம் வருடம் செப்டம்பரில் ஒரு புயலின் வால் அந்தப் பக்கம் அடித்துவிட்டுப் போனது. நிலையத்தில் கண்ணாடி வீடு நொறுங்கி, அதற்குள் இருந்த செடிகளைக் காப்பாற்ற ஓலீன் ஒரு வாரம் அங்கேயே கிடந்தாள். பதறிக்கொண்டு சரிவுக்குப் போனபோது மரங்கள் எல்லாம் நேராக நின்றிருந்தன. நம்ப முடியவில்லை. அந்த வாரம் அப்பாவிடம், பேசக்கூடாத பேச்சுதான், ஆனாலும் ஒரு மரம்கூடச் சாயவில்லை என்று சொன்னாள். அப்படியா என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டில் வெண்ணெய் தடவினார்.

நாலாம் வருடம் பழைய வேரில் நின்ற மரங்கள் சாக ஆரம்பித்தன. அதே ஜூலை, அதே சுருண்ட இலை, அதே வெள்ளை விசிறி. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பீச் மரம் செத்ததில் ஓலீன் திருப்திப்பட்டாள், பட்டதற்குக் கொஞ்சம் வெட்கமும் பட்டாள். ஆறாம் வருடம் முடிகையில் பழைய வேர் மரங்களில் ஓரிரண்டுதான் மிச்சம். கோவேறு மரங்கள் இருபுறமும் பிணம் கிடக்க, நடுவில் பச்சையாக நின்று காய்த்தன. டாக்டர் கிராஃப் வரிசைக்குள் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரம் கழித்து, சரிதான் போலிருக்கிறது என்றார். நாற்றுப் பண்ணைகள் விசாரிக்கத் தொடங்கின. அடுத்த குளிர்காலத்தில் வெளியிடலாம் என்று நிலையம் முடிவு செய்தது.

ஏழாம் வருட வசந்தத்தில், கேட்டைத் திறக்கும்போது, ஓலீன் அந்தக் கடைசி வரிசையில் இரண்டு மரங்களைப் பார்த்தாள். இலை சின்னதாக, மஞ்சளாக இருந்தது. அடிமரத்தில் பிசின் வடிந்திருந்தது.

திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தாள். கேட் பாதி திறந்து கிடந்தது. வண்டுத் துளையாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் மண்ணோடு ஒட்டிய பட்டையைக் கீறினாள். விசிறி இருந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழகிய அந்த வாசம் மூக்கில் ஏறியது.

முட்டி போட்டபடியே கத்தியைத் துடைத்தாள். இருபத்தைந்து வருடக் குளிர், வலை, விரல் மரத்துப்போன காலைகள், எல்லாம் போயிற்று. டாக்டர் கிராஃப் இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார். ஹோரஸுக்குப் போன் செய்ய வேண்டும். அப்பாவிடம் செத்தால் சொல்லக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம், அந்த ஒரு நிம்மதி மட்டும்தான் மிச்சம்.

ஆனால் வேரைப் பார்க்காமல் டாக்டரிடம் என்ன சொல்வது? மண்வெட்டியை எடுத்துவந்து மெதுவாக மண்ணை விலக்கினாள். முதலில் வந்த வேர் அழுகி நாராகப் பிரிந்தது. அதன் பட்டை ஆரஞ்சு நிறம். அடுத்ததும் ஆரஞ்சு. ஓலீனின் கை நின்றது. கோவேறுக்கு ஆரஞ்சு வேர் கிடையாது. வேகமாகத் தோண்டினாள், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்துக்குப் பக்கம் போனபோது ஒட்டுக்கட்டிய இடத்தின் முடிச்சு தட்டுப்பட்டது. அது தரைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் அல்லவா இருக்க வேண்டும்? அவளே நட்டது, அவளுக்குத் தெரியாதா? முடிச்சுக்குக் கீழே தேயிலைத் தூள் நிற வேர்கள் இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தாள். ஈரமாக, வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. ஒரு பொட்டுப் பூசணம் இல்லை.

மண்ணுக்குள் புதைந்த பீச் தண்டு தன் பங்குக்கு வேர் விட்டிருக்கிறது. பூசணம் அந்த வேரைத்தான் பிடித்து, அதன் வழியே தண்டைச் சுற்றியிருக்கிறது. கீழே நின்ற கோவேறைத் தொடக்கூட இல்லை.

எழுந்து உள்வரிசைகளுக்கு ஓடினாள். எல்லாவற்றிலும் முடிச்சு தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. கேட் வரிசையில் மட்டும், முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை, மண் மெத்தென்று மேடாக ஏறி, புல் மூடிக் கிடந்தது. மழை கொண்டுவந்த மண் இப்படி நேர்கோடாக இருக்காது. யாரோ கலப்பையால் மண்ணை ஒதுக்கி மரத்தடியில் அணைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் கலப்பை வைத்திருப்பது ஒரே ஆள்.

ஆம்பிரோஸ் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். கையிலும் முட்டியிலும் மண்ணோடு வந்து நின்ற மகளைப் பார்த்தார்.

"அப்பா, கேட் வரிசைக்கு மண் அணைச்சது யாரு?"

கத்தி நின்றது.

"அந்தப் புயல் அடிச்சப்ப," என்றார். "நீ அங்க மாட்டிக்கிட்ட. நான் சும்மா அந்த வழியா போனேன். ஓரத்து மரமெல்லாம் சாஞ்சு கெடந்துச்சு. சின்னப் புள்ளைங்க மாதிரி. நிமித்தி, டிராக்டர் வச்சு மண்ணு அணைச்சு விட்டேன். அவ்வளவுதான்." பிறகு குரல் இறங்கியது. "செத்துப்போச்சா?"

"அந்தச் சரிவுல கால் வைக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

"டிராக்டர்லதான போனேன். கால் எங்க பட்டுச்சு?"

ஓலீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் வந்தது, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. ஆம்பிரோஸ் பயந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முதுகில் தட்டினார், சின்னப் பிள்ளைக்குப் புரையேறினால் தட்டுவது போல.

"என்னம்மா? நான்தான் கெடுத்துட்டேனா?"

"ரெண்டு மரத்தக் கெடுத்தீங்க. மத்ததெல்லாம் பொழச்சிருக்கு. பொழச்சா சொல்லச் சொன்னீங்கல்ல? சொல்லிட்டேன்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, வாசலில் இருந்த பூட்ஸை எடுத்து மாட்டினார்.

அன்றைக்கு மத்தியானமும் மறுநாளும் இருவரும் சேர்ந்து அந்த வரிசையின் மண்ணை விலக்கினார்கள். புதைந்த தண்டிலிருந்து கிளம்பியிருந்த ஆரஞ்சு வேர்களை ஓலீன் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். மஞ்சளான இரண்டும் போய்விட்டன. மற்றவற்றில் பூசணம் இன்னும் தண்டுக்கு வந்து சேரவில்லை. ஆம்பிரோஸ் நடுநடுவே எழுந்து உள்வரிசைகளுக்குள் போய்வந்தார். ஒரு மரத்தடியில் நின்று அடிமரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்ததை ஓலீன் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். புயலுக்குப் பிறகும் அவர் வந்திருக்கிறார் என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவாராம். எத்தனை தடவை என்று அவள் கேட்டதற்கு, சாலை எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் கிராஃப் வந்து குழிக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நடந்ததை ஓலீன் சொன்னாள். சொல்லும்போது ஆம்பிரோஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல நின்றார். மரத்தை ஆழமாக நட்டால் என்ன ஆகும் என்று சோதிக்கத் தனக்குத் தோன்றவே இல்லை என்றார் டாக்டர். இப்போது அதுவும் தெரிந்துவிட்டது, கன்றோடு போகும் குறிப்பில் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடலாம். பிறகு ஆம்பிரோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆம்பிரோஸ் மூச்சை விட்ட சத்தம் ஓலீனுக்குக் கேட்டது. அன்று மூன்று பேரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டார்கள். டாக்டர் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். தன் முதல் கலப்புச் செடி காற்றில் முறிந்த அன்று வடக்கே திரும்பிப் போய்ப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கலாம் என்று பெட்டி கட்டியதையும், மனைவி அதை அவிழ்த்ததையும் அப்போதுதான் ஓலீன் தெரிந்துகொண்டாள்.

கோவேறு அந்தக் குளிர்காலத்தில் வெளியானது. நிலையம் கொடுத்த பெயர் வேறு, அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நாற்றுப் பண்ணைக்காரர்கள் போனில் அந்தக் கழுதைக் கன்று இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். டாக்டர் கிராஃப் ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடி வளர்க்கப் போனார். ஹோரஸ் அகஸ்டாவிலிருந்து வந்து சரிவைச் சுற்றிப் பார்த்தான். பைன் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஒரு கூடை பழம் மட்டும் எடுத்துப்போனான்.

எண்பதை நெருங்கும் வயதில் ஆம்பிரோஸ் நாலாம் தடவையாகத் தோட்டம் வைத்தார். எந்த ரகம் ஒட்டுவது என்று அப்பனும் மகளும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அவருக்குச் சீக்கிரம் பழுப்பது வேண்டும், தனக்கு நாள் குறைவு என்றார். அவளுக்குத் தாமதமாகப் பழுக்கும் பெரிய பழம் வேண்டும். கடைசியில் பாதிப்பாதி வைத்தார்கள். நடும்போது அவர் ஒவ்வொரு குழிக்கும் குனிந்து, முடிச்சு மேலே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். நட வந்த ஆட்களையும் பார்க்க வைத்து எரிச்சல் மூட்டினார். முதல் காய்ப்பையும் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அவர் சாப்பிட்டார். இலை சுருளும் ஜூலைகள் வந்து போயின, எந்த இலையும் சுருளவில்லை.

அந்த வருடங்களில் ஒன்றில் லெவி, உனக்கு இப்போது ஜூலையில் என்ன வேலை என்று கேட்டான். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து பீச் பருவத்தில் அவள் ஊரைவிட்டு வெளியே போனதே கிடையாது. இருவரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் இருந்தார்கள். இறால் வறுவல் சாப்பிட்டார்கள். லெவிக்கு முதுகெல்லாம் வெயில் சுட்டு, ராத்திரி முழுக்கக் குப்புறப் படுத்துப் புலம்பினான். ஓலீன் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள், எல்லா நாளும்.